அரைப்பேர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன் வந்தவர்கள் கவிதையை ரசிப்பது பற்றியும், சிறுகதையை ரசிப்பது பற்றியும், கூத்தை ரசிப்பது பற்றியும் பேசினார்கள். நான் இன்று ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றிப் பேசப் போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியிலே கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் தமிழிலே 'ரசிகன்' என்ற சொல் ஒன்றுதானே? பாட்டுக்கும் அதே சொல், படத்துக்கும் அதே சொல், பந்துக்கும் அதே சொல். ஒருவருடைய திறமையை எதை வைத்து அளக்கிறோம், யாரை முதலில் சொல்கிறோம், யாரைக் கடைசியில் 'முதலியோர்' என்ற சொல்லுக்குள் தள்ளிவிடுகிறோம் என்பவை இரண்டுக்கும் பொதுவான கேள்விகள்.

தோட்டத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்காக ஒரு சொல்லை முதலில் விளக்கிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டங்களிலே ஒருநாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். காலையில் பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் மலையில் நின்று, மாலையில் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்றோலில் பேர் விழும். "இந்த மாதம் எத்தனை பேர்?" என்று கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். குறித்த நிறைக்குக் கொழுந்து தேறாவிட்டால் அரைப்பேர். மழையில் நின்றாளா, காய்ச்சலோடு வந்தாளா, கொழுந்தே இல்லாத மலையில் நிறுத்தப்பட்டாளா என்பதெல்லாம் செக்றோலில் ஏறுவதில்லை. தராசு சொன்னதுதான் பேர். ஒரு மனிதரின் பெயரும் அவருடைய உழைப்பின் அளவும் ஒரே சொல்லாக இருப்பதை நினைத்தால் சில நேரம் மனம் கனத்துப்போகும்.

சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன், கிரிக்கெட் உலகம் என்ற பெரிய தோட்டத்திலே அரைப்பேர் வாங்கியவர் என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

இந்திய கிரிக்கெட்டைப் பற்றிப் பேசும் எவரும் 1960களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் முடிவு வரை இருந்த நான்கு சுழற்பந்து வீச்சாளர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்ராகவன். பெரும்பாலும் இதே வரிசையில்தான் சொல்வார்கள். 2023 இல் பிஷன் சிங் பேடி மறைந்தபோது இந்த நான்கு பெயர்களும் மறுபடி பத்திரிகைகளில் வந்தன. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு அடைமொழி கிடைத்தது. பேடி என்றால் அழகு. சந்திரசேகர் என்றால் போலியோவால் மெலிந்த கையிலிருந்து பிறந்த மாயம். பிரசன்னா என்றால் பந்தைக் காற்றிலே மிதக்கவிட்டுத் துடுப்பாட்டக்காரனை ஏமாற்றும் தந்திரம். வெங்கட்ராகவனுக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. பெயர் மட்டும், அதுவும் கடைசியில்.

எண்ணிக்கையை முதலில் பார்த்துவிடுவோம். பேடி 67 டெஸ்ட் போட்டிகளில் 266 விக்கெட். சந்திரசேகர் 58 போட்டிகளில் 242. பிரசன்னா 49 போட்டிகளில் 189. வெங்கட் 57 போட்டிகளில் 156. நால்வரும் சேர்ந்து 853 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்களின் சராசரியைப் பார்த்தால் மற்ற மூவரும் ஏறத்தாழ 29, 30 என்று நிற்கிறார்கள். வெங்கட் 36க்கு மேல். தராசு காட்டுவது இதுதான். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். 1965 பெப்ரவரியில், இருபது வயது நிரம்புவதற்கு முன்பே, சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் முதல் டெஸ்ட் விளையாடினார். அதே தொடரின் கடைசிப் போட்டி டில்லியில். முதல் இன்னிங்ஸில் 72 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் 80க்கு 4. போட்டியில் மொத்தம் 12 விக்கெட். அந்த வெற்றியால்தான் இந்தியா தொடரை வென்றது. நான்கு டெஸ்ட்களில் 21 விக்கெட் எடுத்த ஒரு பையனுக்கு அடுத்த பத்து ஆண்டுகள் எழுதி வைக்கப்பட்டுவிட்டன என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

அப்படி நடக்கவில்லை. வெங்கட்டும் பிரசன்னாவும் ஒரே கலையைச் செய்தவர்கள், இருவருமே 'ஓஃப் ஸ்பின்' போடுபவர்கள். இன்னொரு ஒற்றுமை, இருவரும் பொறியியல் படித்தவர்கள். மைசூர்க்காரரான பிரசன்னா 1962 இல் டெஸ்ட் அணிக்கு வந்து, படிப்புக்காக ஐந்தாண்டு காலம் விலகி இருந்தார். அவர் இல்லாத இடைவெளியில்தான் வெங்கட் நுழைந்தார். பிரசன்னா திரும்பி வந்தபோது இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி என்ற நிலைமை. நால்வரும் ஒரே டெஸ்டில் சேர்ந்து விளையாடியது ஒரே ஒரு தடவைதான், 1967 இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். நால்வர் கூட்டணி என்று உலகம் பாடிக்கொண்டிருக்கிறது. அந்த நால்வரும் ஒன்றாக நின்றது ஒரே ஒரு போட்டியில்!

இப்படி ஓர் அணியில் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாகப் பந்து வீசினாலும் அடுத்த போட்டியில் இடம் உறுதியில்லை. பட்டோடி தலைவராக இருந்த காலத்தில் பிரசன்னாவுக்கு முதலிடம். 1971 இல் அஜித் வடேகர் தலைவரானபோது காற்று மாறியது. வெங்கட் துணைத் தலைவராக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். போர்ட் ஒஃப் ஸ்பெயினில் மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதல் தடவையாக டெஸ்டில் தோற்கடித்த போட்டியில், இரண்டாவது இன்னிங்ஸில் 95 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தவர் வெங்கட். அந்தத் தொடர் முழுவதிலும் இந்தியாவின் சார்பில் அதிக விக்கெட் எடுத்தவரும் அவரே. 22 விக்கெட். ஆனால் அந்தத் தொடரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கவாஸ்கர் என்பார்கள், சர்தேசாய் என்பார்கள். அவர்கள் அடித்ததும் உண்மை. எனினும் எதிரணியை ஆட்டமிழக்கச் செய்யாமல் டெஸ்ட் போட்டியை வெல்ல முடியாதல்லவா?

அதே ஆண்டு ஓகஸ்ட் 24. லண்டன் ஓவல் மைதானம். அன்று விநாயகர் சதுர்த்தி. மைதானத்துக்கு ஒரு யானையைக்கூடக் கூட்டிவந்தார்கள் என்று பிறகு படித்தோம். இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல் தடவையாக டெஸ்டையும் தொடரையும் வென்ற நாள் அது. அந்த வெற்றிக்குச் சந்திரசேகர் என்று பெயர். முதல் நாள்களில் முன்னிலையில் இருந்த இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் 101 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். அது அவருடைய நாள், அதில் யாரும் பங்கு கேட்க முடியாது.

கந்தப்பளையிலே அன்று நாங்கள் அதை எப்படிக் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். மழையும் மூட்டமுமாக இருந்தால் சிற்றலையில் குரல் வரும், போகும். லயத்தில் எல்லோர் வீட்டிலும் வானொலி கிடையாது. எங்கள் பாடசாலை வாத்தியார் ஒருவர் கொப்பியில் கோடு போட்டு, ஆங்கில வர்ணனையைக் கேட்டுக்கேட்டு எழுதுவார். நாங்கள் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி இருப்போம். எங்களுக்கு அந்த அணியில் உறவு சொல்லிக்கொள்ளக்கூடிய பெயர் ஒன்றே ஒன்றுதான். வர்ணனையாளர் 'வெங்கட்' என்று சொன்னதும், புரியாத ஆங்கிலத்துக்கு நடுவிலே யாரோ எங்களைக் கூப்பிட்டது மாதிரி இருக்கும்.

வாத்தியாரின் கொப்பியிலே சந்திரசேகருக்கு நேராக 6 என்ற எண். வெங்கட்டுக்கு நேராக 2. ஆனால் அதே கொப்பியில் வேறு சில விவரங்களும் இருந்தன. வெங்கட் அன்று 20 ஓவர் வீசி 44 ஓட்டங்களே கொடுத்தார். இங்கிலாந்தைத் தாங்கிப்பிடித்திருந்த லக்ஹர்ஸ்டை ஆட்டமிழக்கச் செய்தது சந்திரசேகரின் பந்து. ஸ்லிப்பில் அந்தப் பிடியை எடுத்தது வெங்கட். இந்தியாவை எப்போதும் தொல்லைப்படுத்திய அலன் நொட் ஒரே ஓட்டத்துடன் போனார். ஏக்நாத் சொல்கர் பாய்ந்து விழுந்து பிடித்த அந்தப் பிடியின் புகைப்படம் புகழ்பெற்றது. அந்தப் பந்தை வீசியவர் யார் என்று கேளுங்கள், வெங்கட்! படம் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்தத் தொடர் முழுவதிலும் சந்திரசேகர் எடுத்த விக்கெட்டுகள் 13. வெங்கட் எடுத்தவையும் 13 தான்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 1971 இங்கிலாந்துத் தொடரில் பிரசன்னா ஒரு டெஸ்டிலும் விளையாடவில்லை. வெங்கட் உள்ளே இருந்ததால் அவர் வெளியே இருந்தார். எங்கள் வாத்தியார் பிரசன்னாவின் ரசிகர். "தம்பி, உங்கட ஆளுக்காக எங்கட ஆளை உட்கார வைச்சிட்டாங்க" என்று எங்களைச் சீண்டுவார். மைசூரில் இருந்த ரசிகர்களுக்கும் அதே மனக்குறை இருந்திருக்கும். ஒருவருக்கு முழுப்பேர் விழ இன்னொருவர் பேர் இழக்க வேண்டும் என்பது இருவரும் செய்த பிழையல்ல.

இனி அவருடைய பந்துவீச்சைப் பற்றி. வெங்கட் உயரமானவர். பிரசன்னாவைப் போலப் பந்தை மேலே தூக்கி மிதக்கவிட மாட்டார். சற்று வேகமாக, சற்றுத் தட்டையாக, ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருப்பார். துடுப்பாட்டக்காரன் அடிக்க நினைத்தால் இடமில்லை, விட நினைத்தால் துணிவில்லை. அரை மணி நேரம் ஓட்டம் கிடைக்காத துடுப்பாட்டக்காரன் மறுமுனையில் வருகிறவரிடம் கோபத்தைத் தீர்க்கப் போய் ஆட்டமிழப்பான். விக்கெட் மறுமுனைக்காரரின் கணக்கில் ஏறும்.

இதையும் எண்ணாலேயே காட்டலாம். டெஸ்டில் ஓர் ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்களைப் பாருங்கள். சந்திரசேகர் ஏறத்தாழ 2.7. பிரசன்னா 2.4. வெங்கட் 2.27. பேடி ஒருவர்தான் அவரைவிடக் குறைவு. ஆக, அதே தராசைச் சற்றுத் திருப்பி வைத்தால் நாலாவது பெயர் இரண்டாவது இடத்துக்கு வந்துவிடுகிறது. இதனால் அவர் பிரசன்னாவைவிடப் பெரியவர் என்று நான் சொல்ல வரவில்லை. தராசில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நிறை என்று சொல்கிறேன்.

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குனிந்து, கத்தியைப் பிடித்து, செடி செடியாக வெட்டிக்கொண்டு போவார். அவர் போன பின்னே மலை மொட்டையாகத்தான் தெரியும். மாதங்கள் கழித்து அங்கே தளிர் விட்டு, கொழுந்து எடுத்து, மடுவத்தில் நிறுக்கும்போது கவ்வாத்துக்காரரின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர் வெட்டாமல் விட்டிருந்தால் அந்தக் கொழுந்தில்லை. ஓவருக்கு இரண்டு ஓட்டம் கொடுத்து ஒரு முனையை மூடி வைத்த வெங்கட்டின் ஓவர்கள் எனக்குக் கவ்வாத்தாகவே தோன்றும்.

பந்துவீச்சோடு அவர் நிற்கவில்லை. துடுப்பாட்டக்காரனுக்கு மிக நெருக்கமாக நின்று 57 டெஸ்ட்களில் 44 பிடி எடுத்தார். தலைக்கவசம் இல்லாத காலம் அது. மற்ற மூன்று சுழல் வீரர்களின் விக்கெட்டுகளிலும் அவருடைய கை இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. கடைசி வரிசையில் இறங்கினாலும் நின்று பிடிப்பார். அவருடைய அதிகபட்ச டெஸ்ட் ஓட்டம் 64.

நேயர்களே, அரைப்பேர் என்பதற்கு 1974 ஐவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவுக்கு வந்திருந்தது. தலைவர் பட்டோடி காயமடைந்ததால் டில்லியில் நடந்த இரண்டாவது டெஸ்டுக்கு வெங்கட்ராகவன் தலைவராக்கப்பட்டார். இந்தியா தோற்றது. அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். அதற்கு அணியை அறிவித்தபோது வெங்கட் பதினொருவரில் இல்லை. பன்னிரண்டாவது ஆள்! சென்ற போட்டியில் களத்தை அமைத்துக் கைகாட்டியவர் இந்தப் போட்டியில் தண்ணீர் கொண்டு ஓடினார். இதைக் கேட்ட அன்று எங்கள் லயத்திலே ஒரு முதியவர், "நேத்துக் கங்காணி, இன்னைக்குத் தண்ணி வாளியா?" என்று சொன்னார். அதைவிடச் சுருக்கமாக எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது.

அடுத்த ஆண்டிலேயே அவரைத் திரும்பக் கூப்பிட்டுத் தலைவராக்கினார்கள். 1975 இல் நடந்த முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் இந்திய அணியின் தலைவர் வெங்கட். லோர்ட்ஸில் நடந்த முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 60 ஓவரில் 334 ஓட்டங்களைக் குவித்தது. கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 36 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் இருந்த கதை எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்து அத்தனை ஓட்டங்களைக் குவித்த அன்று வெங்கட் 12 ஓவர் வீசி 41 ஓட்டங்கள் மட்டும் கொடுத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? விக்கெட் இல்லை. ஆகவே கொப்பியில் அவருக்கு நேராகச் சைபர்.

ஒருநாள் ஆட்டத்தில் அவர் கணக்கு மோசமானதுதான். 15 ஆட்டங்களில் 5 விக்கெட் மட்டுமே. டெஸ்டில் தலைவராக இருந்த ஐந்து போட்டிகளில் ஒன்றிலும் வெற்றியில்லை, இரண்டு தோல்வி, மூன்று சமநிலை. ரஞ்சிக் கிண்ணத்திலும் ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. 1972-73 இறுதியாட்டம் சென்னைச் சேப்பாக்கத்தில். வெங்கட் தலைமையில் தமிழ்நாடு, எதிரே பம்பாய். பம்பாயை 151 க்கும் 113 க்கும் சுருட்டிவிட்டார்கள். வெல்ல வேண்டிய ஆட்டம். ஆனால் தமிழ்நாடு 80 க்கும் 61 க்கும் சுருண்டது. பம்பாய் தொடர்ந்து பதினைந்தாவது தடவையாகக் கிண்ணத்தைக் கொண்டுபோனது. ஓர் ஆட்டத்தில் எதிரணியை இரண்டு தடவையும் சேர்த்து 264 ஓட்டங்களுக்குள் மடக்கி, பிறகும் தோற்பது எவ்வளவு பெரிய சோகம்! வாத்தியார் அந்தக் கணக்கைக் காட்டி, "எண்ணிக்கை பொய் சொல்லுமா தம்பி?" என்று கேட்பார். எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. ஆனால் எண்ணிக்கை கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

இனி 1979 க்கு வருகிறேன். மலையகத்து ரசிகர்களாகிய எங்களை உண்மையிலேயே சோதித்த ஆண்டு அது.

நேயர்களுக்கு நினைவிருக்கும், 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் கணக்குப் போட்டார்கள். அதுவும் ஒரு தராசுதான். அதற்கு நான்கு மாதங்களின் பின்தான் வெங்கட் முதல் டெஸ்ட் விளையாடினார். அவருடைய விளையாட்டு வாழ்க்கை நடந்த பதினெட்டு ஆண்டுகளும் எங்கள் லயங்களிலே யார் போவது, யார் இருப்பது என்ற பேச்சு நடந்த ஆண்டுகள். என்னோடு வாத்தியார் வீட்டில் வர்ணனை கேட்ட நண்பர் ஒருவரும் குடும்பத்தோடு தலைமன்னார் போய்க் கப்பலேறினார். நீலகிரியிலே தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து அங்கேயே இருந்துவிட்டார்.

1979 உலகக் கிண்ணத்திலும் இந்தியாவுக்கு வெங்கட்தான் தலைவர். ஜூன் 18 அன்று, மான்செஸ்டர் ஓல்ட் டிரபோர்ட் மைதானத்தில், டெஸ்ட் அந்தஸ்தே இல்லாத இலங்கை இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்றது. பந்துல வர்ணபுர தலைவர். வெத்தமுனி, டயஸ், மெண்டிஸ் மூவரும் அரைச்சதம் அடித்தார்கள். இலங்கை 238, இந்தியா 191. உலகக் கிண்ணத்தில் இலங்கையின் முதல் வெற்றி அது.

இப்போது சொல்லுங்கள், கந்தப்பளையில் இருந்த ஒரு ரசிகன் அன்று எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? தான் பிறந்த மண்ணின் அணி வென்றிருக்கிறது. அந்த மண்ணோ அவனுடைய கடதாசியில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தோற்ற அணியின் தலைவர் அவனுடைய மொழிக்காரர், பதினைந்து வருடமாக அவன் கொண்டாடிய மனிதர். எங்களை எந்தப் பக்கம் என்று வெளியிலிருந்தவர்கள் வேடிக்கையாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்களுக்கு வேடிக்கையாக இருக்கவில்லை. எந்தக் கந்தோருக்குப் போனாலும் கேட்கப்பட்ட கேள்வி அதுவல்லவா?

நாங்கள் செய்தது இதுதான். மெண்டிஸின் அடிகளுக்குக் கைதட்டினோம். வெங்கட்டுக்காக வருந்தினோம். இரண்டையும் ஒரே மனத்தால் செய்தோம், அதில் எங்களுக்கு ஒரு சங்கடமும் தெரியவில்லை. ரசனைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை என்று இன்றைக்கு அழகாகச் சொல்லலாம். அன்று அதைச் சொல்லத் தெரியாமலே வாழ்ந்தோம். நீலகிரி நண்பர் எழுதிய கடிதத்தில் அவர் இலங்கையின் வெற்றியைத்தான் கொண்டாடியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "இங்கேயும் அவரை நாலாவதாகத்தான் சொல்கிறார்கள்."

அந்தச் சுற்றுப்பயணத்தின் முடிவும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உலகக் கிண்ணத்துக்குப் பின் நான்கு டெஸ்ட்கள். ஒன்றில் தோற்று மூன்றில் சமநிலை. கடைசி டெஸ்டில், அதே ஓவலில், 438 என்ற இலக்கை விரட்டி, கவாஸ்கர் 221 அடித்து, இந்தியா 8 விக்கெட் இழந்து 429 இல் நின்றது. இன்னும் ஒன்பது ஓட்டங்கள் எடுத்திருந்தால் தலைவர் வெங்கட்டின் பெயர் இன்று வேறு மாதிரி ஒலிக்கும். நாடு திரும்பும் விமானத்திலேயே, தலைமை கவாஸ்கருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதென்ற செய்தியை விமானி அறிவித்தார் என்று கிரிக்கெட் எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அவர் அதைக் கேட்டு என்ன செய்திருப்பார் என்று நான் கற்பனை செய்ததுண்டு. ஆனால் அடுத்து அவர் என்ன செய்தார் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. பந்து வீசினார். 1983 வரை டெஸ்ட் விளையாடினார். முதல்தரப் போட்டிகளில் மொத்தம் 1,390 விக்கெட் எடுத்தார். கூப்பிட்டபோது வந்தார், விட்டபோது போனார், மறுபடி கூப்பிட்டபோது மறுபடி வந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு மனக்குறைப் பேச்சாகத்தான் இருக்கும். முடியவில்லை. 1993 இல் அவர் மறுபடி டெஸ்ட் மைதானத்துக்குள் வந்தார், இந்தத் தடவை வெள்ளை அங்கியோடு நடுவராக. 2004 வரை 73 டெஸ்ட்களில் நடுவராக நின்றார். 57 டெஸ்ட் விளையாடியவர் அதைவிட அதிகமான டெஸ்ட்களில் நடுவராக இருந்திருக்கிறார். இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் போட்டிகளுக்கும் அவரை அழைத்தார்கள். 2002 இல் உலகின் சிறந்த நடுவர்களைத் தேர்ந்து ஒரு குழு அமைத்தபோது அதிலும் அவர் இடம் பெற்றார். 2003 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எனக்கு இதில் ஓர் அழகு தெரிகிறது. நடுவர் வேலை எப்படிப்பட்டது? நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பிழை விட்டால்தான் பெயர் வெளியே வரும். பதினெட்டு வருடம் கவனிக்கப்படாமல் வேலை செய்து பழகிய ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? மற்றவர்கள் அவரை அளந்தார்கள், அரைப்பேர் போட்டார்கள். அவர் கையில் தராசு வந்தபோது, எதிரே நிற்பவன் எந்த நாட்டவன், எத்தனையாவது பெயர் என்று பார்க்காமல் அளந்தார் என்றுதான் உலகம் அவரை ஏற்றுக்கொண்டது. முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. விரல் உயர்ந்தால் உயர்ந்ததுதான்.

நேயர்களே, நம்முடைய இலக்கிய வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு காலகட்டத்துக்கும் மூன்று பெயர், நான்கு பெயர். அதற்குப் பிறகு 'ஆகியோரும் குறிப்பிடத்தக்கவர்கள்' என்று ஒரு வரி. அந்த 'ஆகியோர்' ஒவ்வொருவரும் இருபது வருடம், முப்பது வருடம் எழுதியவர்கள். சிற்றிதழுக்குப் பக்கம் நிரப்பியவர்கள், மற்றவர்களின் எழுத்தைப் பிழை திருத்தியவர்கள், கூட்டத்துக்குக் கதிரை போட்டவர்கள், நல்ல கதை நாலைந்தும் எழுதியவர்கள். மலையக இலக்கியம் என்று பேசும்போது இது இன்னும் கூர்மையாகிறது. ஈழத்து இலக்கியம் பற்றிய எத்தனை கட்டுரைகளில் மலையகம் முழுவதுமே ஒரு 'முதலியோர்' ஆக நின்றிருக்கிறது!

அவர்களையெல்லாம் தூக்கி முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெங்கட்டை பேடிக்கு மேலே வைத்தால் பேடிக்கும் நியாயமில்லை, வெங்கட்டுக்கும் நியாயமில்லை. ரசிகன் செய்ய வேண்டியது வேறொரு வேலை. நாலாவது பெயரைச் சொல்லும்போதும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த மனிதர் எந்த முனையை மூடி வைத்திருந்தார், எந்தப் பிடியை எடுத்தார், யாருடைய விக்கெட்டுக்குப் பின்னால் இவருடைய ஓவர் இருந்தது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு ரசிகனைத் தவிர வேறு யாரும் இல்லை. தேர்வாளருக்கு அடுத்த போட்டி இருக்கிறது, பத்திரிகைக்கு அடுத்த நாள் இருக்கிறது. ரசிகனுக்குத்தான் நேரம் இருக்கிறது.

எங்கள் வாத்தியார் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. பிரசன்னாதான் பெரியவர் என்ற கட்சியை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர் கொப்பியில் பிறகு கவனித்தேன். எல்லாப் பந்துவீச்சாளருக்கும் விக்கெட்டை மட்டும் எழுதியவர், வெங்கட்டுக்கு நேராக மட்டும், ஓட்டம் கொடுக்காத ஓவர்களையும் ஒரு சிறிய புள்ளி வைத்து எண்ணியிருந்தார். ஏன் என்று அவர் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. ஒரு பிரசன்னா ரசிகர் வெங்கட்ராகவனுக்குப் போட்ட முழுப்பேர் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.